எழுத்துக்குப் பதினாலு ரூபாய்

வார்டு மெம்பர் சஜிதா கொண்டுவந்த தாளில்
மூன்றே வரி.
மேலே மலையாளம், கீழே தமிழ்,
நடுவில் திறந்துவைப்பவர் பெயர், அது மட்டும் பெரிதாக.
ஆவாரம்பதி சமூகக் கூடம்.
பழைய பள்ளிக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டது.
புள்ளிக்கும் காசா என்று கேட்டார்.
புள்ளி இலவசம் என்றேன்.
என் பட்டறையில் உயிருக்கும் மெய்க்கும் ஒரே விலை.

கல் இரண்டடிக்கு ஒன்றரை.
அதற்குள் அடங்காதது கொஞ்சம் எனக்குத் தெரியும்.
மூன்றாவது வரைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

இடம் கொடுத்த சின்னக்குமாரக் கவுண்டர்
தர்மத்துக்குக் கொடுக்கவில்லை.
தம்பியோடு சித்தூர் கோர்ட்டில்
பதினோரு வருசம் இழுத்த உப்புத்தண்ணீர்க் காடு அது.
எனக்கில்லையென்றால் அவனுக்கும் வேண்டாமென்று
சரஸ்வதிக்கு எழுதிவைத்தார்.
கொச்சி மகாராஜா காலம்.
பாலக்காட்டிலிருந்து வண்டியில் வந்த ஓடு
வழியில் நொறுங்கியது போக
மிஞ்சியதற்குத் தக்கபடி கூரையைச் சுருக்கினார்கள்.
அதனால்தான் மேற்குச் சுவர்
எல்லா மழையிலும் நனையும்.

ஒரே ஹால். நடுவில் மூங்கில் தட்டி.
இந்தப் பக்கம் ஞானசிகாமணி வாத்தியார், தமிழ்.
அந்தப் பக்கம் குஞ்ஞம்மிணி டீச்சர், மலையாளம்.
ஏழேழு நாற்பத்தொன்பது வரை எங்கள் வாத்தியார் குரல்;
அவர் மூக்குப்பொடி எடுக்கும் நேரத்தில்
மிச்ச வாய்ப்பாடு தட்டியைத் தாண்டி வந்துவிடும்.
இன்றைக்கும் கல்லுக்கு அளவெடுக்கையில்
ஐம்பத்தாறு எனக்கு மலையாளத்தில்தான் வருகிறது.

கிழக்கு ஜன்னலுக்கு அடியில், வெளியே,
இரண்டு கல் கிடக்கும்.
மணி அடித்ததும் அதிலிருந்து குதிப்போம்,
யார் தூரம் என்று பந்தயம்.
எதற்குப் போட்டது என்று கேட்டதில்லை.
மாராளுக்குச் சமாதிக் கல் சொல்ல வந்தபோதுதான்
லாரி ஓட்டும் அவள் மகன் சொன்னான்:
‘அம்மா நாலு வருசம் படிச்சது
அந்தக் கல்லுமேல நின்னுதானுங்க.
உள்ள விடலை.
மழை வந்தா அன்னைக்கு லீவு.
சிலேட்டைக் கம்பி வழியா நீட்டோணும்,
தண்ணி தெளிச்சுத்தான் வாத்தியார் தொடுவாரு.’
மாராள். மூன்றெழுத்து.
நாற்பத்திரண்டு ரூபாய்.
அன்று அதை வாங்கிக்கொண்டேன்.

கடைசி வருசம் ரெஜிஸ்டரில் ஒரே பெயர்,
லிப்சா நாயக்.
செங்கல் சூளைக்கு வந்தவர்களின் பிள்ளை,
வீட்டில் ஒடியா.
அவளுக்கு ஒரு டீச்சர், ஒரு சமையல்காரம்மா.
சூளை வேறு ஊருக்குப் போனதும்
லாபமில்லாத பள்ளி என்று எழுதிப் பூட்டினார்கள்.
பூட்டு ஒருமுறைதான் திறந்தது:
கொரோனாவில் செக்போஸ்ட்டை மூடியபோது
கோயம்புத்தூரிலிருந்து நடந்தே வந்த முப்பது பேர்
பதினாலு நாள்
குட்டை பெஞ்சுகளில் கால் மடக்கித் தூங்கினார்கள்.

இப்போது டைல்ஸ். எட்டு ஃபேன்.
தட்டி நின்ற இடத்தில் கேரம் போர்டு.
கிழக்கு ஜன்னல் கம்பியை அறுத்து
பந்திச் சாப்பாட்டுக்குக் கவுண்டர் ஆக்கியிருக்கிறார்கள்
(இந்தக் கவுண்டர் சின்னக்குமாரர் வகையறா இல்லை).
அடியில் அந்த இரண்டு கல்லும் அப்படியே.
சாம்பார் அண்டா இறக்கிவைக்கத் தோதாம்.

வெட்டி முடித்து எண்ணெய் துடைக்கும்போது
கொத்தனார் பாபு போன் செய்தான்:
‘அண்ணா, பின்பக்கம் வழவழன்னு இருந்தா
சிமெண்ட் பிடிக்காது.
கொஞ்சம் கொத்திக் குடுங்க.’

கொத்திக் கொடுத்தேன்.
ராத்திரி பதினொன்றரை வரைக்கும்,
பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு.
தமிழ் கொஞ்சம், மலையாளம் கொஞ்சம்.
லிப்சாவை ஒடியாவில் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை;
தமிழிலேயே வைத்தேன்.
கோடு இழுக்கவில்லை, அளவு பார்க்கவில்லை.
மாராளுக்கு மட்டும் உளி ஆழமாக இறங்கிவிட்டது.

பில்:
முன்பக்கம் நூற்றிப்பதினேழு எழுத்து,
ஆயிரத்து அறுநூற்று முப்பத்தெட்டு.
பின்பக்கம் கொத்துக்கூலி இருநூறு என்று எழுதி
அடித்துவிட்டேன்.

காலையில் கல்லைத் தூக்க வந்த பாபு
பின்பக்கத்தை உள்ளங்கையால் தடவினான்.
‘நல்லாப் பிடிக்கும்ணா’ என்றான்.